வழி விடுவோம்!

சாயங்காலம் 6 மணி.

ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்து ரோடு. அகலம் குறைவு. ஒரு பஸ் வந்தால், எதிரே வருகிற வண்டி மண்ணில் இறங்கித்தான் நிற்க வேண்டும்.

அந்த ரோட்டில் ஒரு பாட்டி நடந்து வருகிறார். தலையில் புல்லுக்கட்டு. அவருக்குப் பின்னால் இரண்டு மாணவிகள் சைக்கிளில் வருகிறார்கள். அதற்கும் பின்னால் ஓர் ஆட்டு மந்தை.

"விர்" என்று ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்து வருகிறது. அதில் மூன்று வாலிபர்கள். ஹாரன் அலறுகிறது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறுகின்றன. ஒரு மாணவி மிரண்டு, மண்ணில் இறங்கிச் சாய்கிறாள். பாட்டியின் புல்லுக்கட்டு ரோட்டில் விழுகிறது.

வண்டியில் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

யாருக்கும் காயம் இல்லை. அதனால் போலீசில் புகார் இல்லை. பத்திரிகையில் செய்தி இல்லை. ஆனாலும் அங்கே ஒரு குற்றம் நடந்திருக்கிறது.

"இது எந்த ஊர்?" என்று கேட்க வேண்டாம். எல்லா ஊரிலும் நடக்கிறது. உங்கள் ஊரிலும் நடக்கிறது.

அந்தப் பாட்டி யார்?

புல்லுக்கட்டோடு ஒதுங்கி நின்ற அந்தப் பாட்டிக்கு 60 வயது இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, அவரைப் போன்ற பெண்கள்தான் புதுக்கோட்டை மாவட்டத்தின் பெயரை உலகத்துக்குத் தெரிய வைத்தார்கள்.

1991-ஆம் ஆண்டு இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வயலில் வேலை செய்த பெண்கள் வந்தார்கள். கல் குவாரியில் கல் உடைத்த பெண்கள் வந்தார்கள்.

அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது. "பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று இயக்கத்தார் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள்.

முதலில் கேலி பேசியவர்கள் உண்டு. "பொம்பளைக்கு எதுக்குடி சைக்கிள்?" என்று கேட்டவர்கள் உண்டு. காது கூசும்படி பேசியவர்களும் உண்டு.

பெண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓட்டினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று அப்போது எழுதினார்கள்.

1992-ஆம் ஆண்டு, பெண்கள் தினத்தை ஒட்டி, புதுக்கோட்டை நகரில் ஓர் ஊர்வலம் நடந்தது. 1,500-க்கு மேற்பட்ட பெண்கள். எல்லோரும் சைக்கிளில். கைப்பிடியில் கொடி. விடாமல் மணி ஒலி. ஊரே வாசலில் வந்து நின்று பார்த்தது.

அந்தச் சைக்கிள் அவர்களுக்கு என்ன கொடுத்தது?

பஸ்சுக்குக் காத்திருப்பது நின்றது. தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் கட்டிக் கொண்டு வந்தார்கள். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போனார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துப் போகலாம் என்று, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பிக் கேட்ட தாய்மார்களும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று கிடைத்தது. "இந்த ரோடு எனக்கும் சொந்தம்" என்ற தைரியம்!

பூட்டு இல்லாமலே மூடும் ரோடு

இன்று அந்தத் தாய்மார்களின் பேரன், பேத்திகள் காலம். வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. நல்லதுதான். உழைத்து வாங்கிய வண்டி. வயலுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீரமங்கலத்துப் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன்பே போக வேண்டும். வண்டி இல்லாமல் முடியாது.

வண்டி வந்ததில் குறை இல்லை. வழி விடும் பழக்கம் வண்டியோடு வரவில்லை. அதுதான் குறை.

அன்று பாட்டி மணி அடித்தார். "நான் வருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அதற்கு அர்த்தம்.

இன்று பேரன் ஹாரன் அடிக்கிறான். "ஓடிப் போ" என்று அதற்கு அர்த்தம்.

இரண்டும் ஒலிதான். ஒன்றில் மரியாதை இருக்கிறது. மற்றொன்றில் மிரட்டல் இருக்கிறது.

இந்த மிரட்டல் தொடர்ந்தால் என்ன ஆகும்? "சைக்கிளில் போக வேண்டாம், பயமாக இருக்கிறது" என்று தாய் சொல்வாள். தினமும் கொண்டுபோய் விட ஆள் இருக்காது. மகளின் படிப்பு நிற்கும். "இருட்டினால் வெளியே வராதே" என்று பாட்டியிடம் சொல்வார்கள். அவருடைய பால் வியாபாரம் நிற்கும்.

யாரும் ரோட்டின் குறுக்கே கேட் போட மாட்டார்கள். யாரும் பூட்டுப் போட மாட்டார்கள். ஆனால் பலவீனர்களுக்கு அந்த ரோடு மூடியதுதான்!

அரசு பிளஸ்-1 மாணவ, மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிளை அரசு கொடுக்கலாம். அதை ஓட்ட வழியை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பனி நாட்டில் ஒரு பழக்கம்

கனடா என்று ஒரு நாடு. அங்கே குளிர் காலத்தில் வயல், காடு எல்லாம் பனியால் மூடிவிடும். பனி மேல் ஓட ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும். சக்கரம் இராது. முன்னால் சறுக்குப் பலகை. பின்னால் சுழலும் ரப்பர் பட்டை. பொம்பார்டியே என்ற கனடாக்காரர் 1959-ஆம் ஆண்டு இதைச் சிறிய அளவில் செய்து விற்கத் தொடங்கினார். பிறகு பல நாடுகளில் பரவியது.

இந்த வண்டிகள் போகும் தடமும் நம் கிராமத்து ரோடு மாதிரிதான். குறுகலாக இருக்கும். வளைவுகள் இருக்கும். வளைவுக்கு அப்பால் யார் வருகிறார் என்று தெரியாது.

அதற்காக அவர்களிடையே ஒரு வழக்கம் ஏற்பட்டது. நாலைந்து வண்டிகள் வரிசையாக வந்தால், முன்னால் வருகிறவர் எதிரே வருகிறவருக்கு விரலைக் காட்டுவார். நாலு விரல் காட்டினால், "எனக்குப் பின்னால் இன்னும் நாலு வண்டி வருகிறது" என்று அர்த்தம். கடைசி ஆள் கையை மூடிக் காட்டுவார். "நான்தான் கடைசி. இனி நீங்கள் போகலாம்" என்று அர்த்தம்.

முன்பின் தெரியாத மனிதர்கள். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும், எதிரே வருகிறவர் உயிரைப் பற்றி ஒருவர் நினைக்கிறார்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தத் தடங்கள் பல இடங்களில் விவசாயிகளின் சொந்த நிலத்தின் வழியாகப் போகின்றன. அவர்கள் மனம் வைத்து விட்ட வழி அது. வண்டிக்காரர்கள் தடம் மாறிப் பயிரில் ஏறினால், விவசாயி வழியை அடைத்துவிடலாம். ஒருவர் செய்த தவறுக்கு எல்லோரும் வழியை இழக்க வேண்டியதுதான். ஆகவே, ஒழுங்காகப் போகும்படி அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

மரியாதை இருக்கும் வரைதான் வழி இருக்கும். பனி நாட்டுக்கும் இதுதான். புதுக்கோட்டைக்கும் இதுதான்.

சாவது யார்?

ரோட்டில் யார் சாகிறார்கள் என்று பாருங்கள்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ரோடு விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. இவர்களில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். நடந்து போனவர்கள் 32,825 பேர். இரண்டையும் கூட்டினால், இறந்த 100 பேரில் 64 பேர் இவர்கள்தான்.

தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டில் இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர்!

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடந்ததை மறக்க முடியுமா? கந்தர்வகோட்டைப் பக்கத்துக் கிராமத்து மக்கள் சமயபுரம் மாரியம்மன் கோவிலுக்குப் பாதயாத்திரை போனார்கள். தஞ்சாவூர்–திருச்சி ரோட்டில், விடியும் நேரத்தில், ஒரு சரக்கு வண்டி அவர்கள் மேல் மோதியது. 5 பேர் இறந்தார்கள். சாமி கும்பிடப் போனவர்கள் வீடு திரும்பவில்லை.

ஆகவே, ரோட்டில் ஒரு தர்மம் வேண்டும். பெரிய வண்டி சிறிய வண்டிக்கு வழி விட வேண்டும். சிறிய வண்டி சைக்கிளுக்கு வழி விட வேண்டும். எல்லா வண்டியும் நடந்து போகிறவருக்கு வழி விட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

"அவசரம்" என்கிறார்கள். என்ன அவசரம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்கு 5 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் 5 நிமிஷம் ஆகும். 40 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் ஏழரை நிமிஷம் ஆகும்.

மிச்சம் இரண்டரை நிமிஷம். ஒரு டீ ஆறுவதற்குக்கூடப் போதாது!

இப்போது இன்னொரு கணக்கு. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. நீங்கள் பார்த்து, பிரேக் போட்டு, வண்டி நிற்க எவ்வளவு தூரம் ஆகும்?

30 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், காய்ந்த நல்ல ரோட்டில் சுமார் 15 மீட்டரில் நிறுத்தலாம். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 45 மீட்டர் ஆகும். வேகம் இரண்டு மடங்கு. நிற்கும் தூரமோ மூன்று மடங்கு! மழை பெய்த ரோடு என்றால் தூரம் இன்னும் கூடும். மணல் கிடந்தால் வண்டி சறுக்கும்.

குழந்தை 20 மீட்டரில் இருந்தால்? மெதுவாக வந்தவன் நிறுத்திவிடுவான். வேகமாக வந்தவன் மோதிவிடுவான்.

இரண்டரை நிமிஷம் பெரிதா? குழந்தை பெரிதா?

வீரத்துக்கும் விதி உண்டு

"வேகமாகப் போவது வீரம்" என்று சில வாலிபர்கள் நினைக்கிறார்கள்.

தம்பிமார்களே! வீரத்தைப் பற்றிப் புதுக்கோட்டைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடத்தும் மாவட்டம் இது.

ஜல்லிக்கட்டில் விதி இல்லையா? இருக்கிறது. திமிலைத்தான் பிடிக்கலாம். வாலைப் பிடிக்கக் கூடாது. கொம்பைப் பிடிக்கக் கூடாது. விதியை மீறிப் பிடித்தவனை ஊர் வீரன் என்று சொல்லாது. களத்தை விட்டு வெளியே அனுப்பிவிடும்.

பாயும் காளைக்கு எதிரே நிற்பது வீரம். புல்லுக்கட்டுச் சுமந்து வரும் பாட்டியை ஓட வைப்பது வீரமா?

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

இவற்றைக் கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. இடது பக்கமே போங்கள். முந்துவதானால் வலது பக்கம் முந்துங்கள். வளைவிலும் பாலத்திலும் முந்தாதீர்கள்.

2. சீமைக் கருவேல மரம் மறைக்கும் வளைவில் வேகத்தைக் குறையுங்கள். அப்பால் ஆட்டு மந்தை நிற்கலாம்.

3. மேட்டில் ஏறி வரும் வண்டிக்கு, இறங்கி வரும் வண்டி வழி விட வேண்டும். மலை ரோட்டில் இது சட்டம். கண்மாய்க் கரையிலும் இதையே பழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

4. ஆடு, மாட்டுக்குப் பக்கத்தில் ஹாரன் அடிக்காதீர்கள். மெதுவாகப் போனால் அவை தாமாக விலகும்.

5. ராத்திரியில் எதிரே ஆள் வந்தால் விளக்கைத் தாழ்த்துங்கள். கண் கூசினால் சைக்கிள்காரருக்குப் பள்ளம் தெரியாது.

6. மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் மெதுவாகப் போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையை நினையுங்கள்.

7. ஒரு வண்டியில் இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள். செல்போனில் பேசிக்கொண்டு ஓட்டாதீர்கள். குடித்திருந்தால் வண்டியைத் தொடாதீர்கள்.

8. ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர், இருவரும் ஹெல்மெட் போட வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இது சட்டம். தவறினால் 1,000 ரூபாய் அபராதம். ஹெல்மெட் போட்டால் தலைக் காயம் படும் ஆபத்து 100-க்கு 69 பங்கு குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

9. பின்னால் உட்காரும் பெண்கள் சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.

மற்றவர்களுக்கும் கடமை உண்டு

குற்றம் எல்லாம் வண்டிக்காரர்மேல் மட்டும் இல்லை.

நடந்து போகிறவர்கள், நடைபாதை இல்லாத ரோட்டில், வலது ஓரமாகப் போங்கள். அப்போது எதிரே வரும் வண்டி உங்கள் கண்ணில் படும். நாலு பேர் கைகோத்துக்கொண்டு ரோட்டை அடைத்துப் போகாதீர்கள்.

பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டில் விளக்கு எடுத்துச் செல்லுங்கள். வெள்ளை உடை, அல்லது வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை, தூரத்திலேயே தெரியும்.

சைக்கிளில் போகும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். சைக்கிளின் பின்புறம் சிவப்பு மின்னொளி வில்லை இருக்கட்டும்.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. நெல்லைக் காயப் போட இடம் இல்லை என்பது உண்மை. ஆனால் ரோட்டில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல்லை அடுக்கி, இருட்டிய பிறகும் விட்டுவைத்தால், அந்தக் கல்லில் மோதி விழுவது உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். மாட்டை இரவில் ரோட்டில் விடாதீர்கள்.

பெற்றோர்களே!

18 வயது ஆகாத மகனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுப்பது பாசம் அல்ல.

2019-ஆம் ஆண்டில் சட்டம் கடுமை ஆகிவிட்டது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரும் வண்டிச் சொந்தக்காரரும் குற்றவாளிகள். 25,000 ரூபாய் அபராதம். 3 ஆண்டு வரை ஜெயில். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

ஜெயிலுக்குப் பயந்துதான் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமா? மகன் வண்டியை எடுக்கும்போது தாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "மெதுவாப் போய்யா. வழியில போறதும் நம்ம ஜனந்தான்" என்று சொல்லட்டும். அந்த வார்த்தை அவன் கூடவே போகும்.

விபத்து நடந்துவிட்டால்

சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். செல்போனில் படம் எடுக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம்.

"உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும்" என்ற பயம் வேண்டாம். உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2019-ஆம் ஆண்டில் அது சட்டமே ஆகிவிட்டது. பெயர் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

"பணத்துக்கு எங்கே போவது?" என்ற கவலையும் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் "நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தைத் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்பதே இந்தத் திட்டம். குறிப்பிட்ட தனியார் ஆஸ்பத்திரிகளும் இதில் சேர்ந்திருக்கின்றன.

ஒரு கை உயரட்டும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கஜா புயல் அடித்தது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து ரோட்டை அடைத்தன. அன்று அரிவாளும் கோடரியும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஜனங்களே இறங்கினார்கள். மரத்தை வெட்டி வழி திறந்தார்கள். "இது என் ரோடு, அது உன் ரோடு" என்று யாரும் பார்க்கவில்லை.

அன்று மரம் அடைத்தது. இன்று நம் அவசரம் அடைக்கிறது. இதை நீக்கக் கோடரி வேண்டாம்.

நாளைக் காலையில் வண்டியை எடுக்கிறீர்கள். எதிரே ஒரு சைக்கிள் வருகிறது. வேகத்தைக் குறையுங்கள். சற்று ஒதுங்கி நில்லுங்கள். "நீ போம்மா" என்று கையைக் காட்டுங்கள்.

அவள் சிரித்துக்கொண்டே போவாள். மணி அடித்து நன்றி சொன்னாலும் சொல்வாள்.

1992-இல் புதுக்கோட்டை கேட்ட அதே மணி ஒலி. அது நிற்காமல் கேட்கட்டும்.

வழி விடுவோம்!